ரெண்டும் 'ஐ7'தான்... வேகம் ஒன்றா?

தமிழக அரசின் விலையில்லா லேப்டாப் திட்டம் 2011 செப்டம்பர் 15-ல் தொடங்கியது திருவள்ளூர் மாவட்டத்தில்தான். அதே மாவட்டத்தின் புதுவாயல், கும்மிடிப்பூண்டி பக்கம் இன்ஜினீயரிங் படிக்கும் பிள்ளை இருக்கும் வீடுகளில் அடுத்த கேள்வி: லேப்டாப்பா, டெஸ்க்டாப்பா?

இரண்டிலும் 'ஐ7' என்று இருந்தாலும் வேகம் ஒன்றல்ல. 2023-ல் வந்த இன்டெல் ஐ7-13700 டெஸ்க்டாப் புராசஸரில் 16 கோர்கள். அடிப்படை மின்தேவை 65 வாட். அதே தலைமுறை லேப்டாப் புராசஸரான ஐ7-1355யூ-வில் 10 கோர்கள், 15 வாட்தான். மெல்லிய பெட்டிக்குள் சூடு ஏறினால், லேப்டாப் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும்.

டைப்பிங், ஆன்லைன் வகுப்புக்கு இந்த வித்தியாசம் தெரியாது. ஆட்டோகேட், வீடியோ எடிட்டிங்கில் நன்றாகவே தெரியும். லேப்டாப்தான் வேண்டுமென்றால் மாடல் எண்ணின் கடைசி எழுத்தைப் பாருங்கள்: 'யூ' என்றால் மின்சிக்கனம், 'எச்' என்றால் கூடுதல் வேகம். தூக்கிச் செல்லத் தேவையில்லையா? அதே பணத்துக்கு டெஸ்க்டாப்பே லாபம்!