பெர்மிட் மறுக்கப்பட்டால் முதலாளி என்ன செய்ய வேண்டும்?

சிங்கப்பூரில் கடையோ கம்பெனியோ நடத்துபவர்கள் கூடும் இடத்தில் "பெர்மிட் ரிஜெக்ட் ஆகிவிட்டது" என்ற பேச்சு எழுந்தால், கூடவே இன்னொன்றும் வரும்: "பையன் பேரில்தான் ஏதோ கோளாறு." ஆள்மீது பழைய குற்றப் பதிவு இருந்தால் அனுமதி கிடைக்காமல் போகலாம் என்பது உண்மைதான். ஆனால் விண்ணப்பிப்பது ஊழியர் அல்ல, முதலாளி. மனிதவள அமைச்சு முக்கியமாகப் பார்ப்பதும் முதலாளியின் ஏடுகளைத்தான்: உள்ளூர் ஊழியர் எத்தனை பேர், அவர்களுக்கு மத்திய சேம நிதி கட்டப்பட்டிருக்கிறதா, வெளிநாட்டு ஊழியருக்கான லெவி பாக்கி உண்டா, சொன்ன சம்பளம் அந்த வேலைக்குப் பொருந்துகிறதா. அதனால் மறுப்பு வந்ததும் ஏஜெண்ட் வாய்வழியாகச் சொல்வதை வைத்து முடிவெடுக்காமல், அமைச்சு தந்திருக்கும் காரணத்தை முதலாளியே வரி விடாமல் படிக்க வேண்டும்.

பலரும் இடறுவது கோட்டாவில். ஒரு சிறிய உணவகத்தை எடுத்துக்கொள்வோம். உள்ளூர் ஊழியர் 6 பேர், பெர்மிட்டில் 2 பேர். மூன்றாவது ஆளுக்கு விண்ணப்பிக்கிறார் முதலாளி. சேவைத் துறையில் மொத்த ஊழியரில் 35 விழுக்காடு வரைதான் வெளிநாட்டினர் இருக்கலாம். 9 பேரில் 3 பேர் என்றால் 33 விழுக்காடு. தாராளமாகக் கிடைக்க வேண்டும். ஆனால் உள்ளூர்ப் பெண்மணி ஒருவர் வீட்டுச் சூழ்நிலையால் பகுதிநேரத்துக்கு மாறி மாதம் 1,200 வெள்ளி வாங்குகிறார். முழு ஆளாகக் கணக்கில் சேர, 2024 ஜூலை நிலவரப்படி மாதச் சம்பளம் குறைந்தது 1,600 வெள்ளி இருக்க வேண்டும். அதற்குக் கீழே, பாதித் தொகையாவது வாங்கினால் அரை ஆள். ஆக, உள்ளூர் ஊழியர் ஐந்தரை பேர். எட்டரை பேரில் 3 பேர் என்றால் 35 விழுக்காட்டைத் தாண்டிவிடுகிறது. மறுப்பு! வரவிருந்த ஆளுக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. இந்த எண்ணிக்கை சேம நிதிச் சந்தாவின் மூன்று மாதச் சராசரியில் போடப்படுவதால், நேற்று ஒருவரைப் புதிதாகச் சேர்த்துவிட்டு இன்று மறுபடி விண்ணப்பித்தாலும் பலன் இருக்காது. தனியுரிமைக் கடையின் உரிமையாளர் நாளெல்லாம் கல்லாவில் நின்றாலும் கோட்டாவில் ஓர் ஆளாகச் சேரமாட்டார்.

தமிழ்நாட்டிலிருந்து சமையல்காரரை அழைக்க நினைப்பவர்களுக்கு இன்னொரு கட்டுப்பாடு உண்டு. கட்டுமானம், கப்பல் பட்டறை போன்ற துறைகளில் இந்தியர்களுக்குப் பெர்மிட் வெகுகாலமாகவே உண்டு. உணவகங்களுக்கு அது இல்லாமல் இருந்தது. 2023 செப்டம்பரில்தான் இந்திய உணவகச் சமையல்காரர்களுக்கு வழி திறந்தது. அதற்கும் மாதச் சம்பளம் குறைந்தது 2,000 வெள்ளி இருக்க வேண்டும். அத்தகைய ஊழியர்கள் மொத்தத்தில் 8 விழுக்காட்டுக்குள் அடங்க வேண்டும். நாம் பார்த்த 9 பேர் உணவகத்தில் 8 விழுக்காடு என்பது ஓர் ஆள்கூட இல்லை.

நிபுணர்கள், நிர்வாகிகளுக்கான இ பாஸில் கணக்கு வேறு. 2025 ஜனவரி முதல் குறைந்தபட்சச் சம்பளம் 5,600 வெள்ளி, நிதித் துறையில் 6,200. ஆனால் அது இளவயதினருக்கான எல்லை. வயது ஏற ஏற உயர்ந்து, 45 வயதில் 10,700ஐத் தொடுகிறது. 45 வயது அனுபவசாலிக்கு 6,000 வெள்ளி பேசி விண்ணப்பித்தால் முதல் படியிலேயே திரும்பிவிடும். சம்பளம் தேறினால் அடுத்து, விண்ணப்பத்தை மதிப்பிடும் 'காம்பஸ்' புள்ளிகளில் 40 எடுக்க வேண்டும். விண்ணப்பிக்கும் முன் தகுதியைச் சோதித்துப் பார்க்க அமைச்சின் இணையத்தளத்திலேயே இலவசக் கருவி இருக்கிறது.

இ பாஸ், நடுத்தரத் திறனாளர்களுக்கான எஸ் பாஸ் ஆகியவற்றின் மறுப்புக்கு மூன்று மாதத்துக்குள் மேல்முறையீடு செய்யலாம். அதையும் முதலாளியோ அவர் அமர்த்திய ஏஜெண்டோதான் செய்ய முடியும். ஊழியர் செய்ய முடியாது. சொல்லப்பட்ட காரணத்துக்குப் புதிய ஆவணத்தோடு பதில் இருந்தால் மட்டும் அனுப்புங்கள். "நல்ல பையன், தயவுசெய்து பாருங்கள்" என்று உருக்கமாக எழுதுவதால் ஒன்றும் மாறாது.

என்னை மிகவும் கவலைப்பட வைப்பது, மறுப்புக்குப் பிறகு யாராவது காதில் ஓதும் குறுக்கு வழிகள். காகிதத்தில் சம்பளத்தை உயர்த்திக் காட்டிவிட்டு, மாதாமாதம் மிச்சத்தை ஊழியரிடமிருந்து கையில் வாங்கிக்கொள்வது ஒன்று. வேலைக்கே வராத உறவினர் பெயரில் சேம நிதி கட்டி ஆள் கணக்கைக் கூட்டுவது இன்னொன்று. பொய்த் தகவல் தந்தால் 20,000 வெள்ளி வரை அபராதம் அல்லது இரண்டு ஆண்டு வரை சிறை, இரண்டும்கூட விதிக்கப்படலாம். வேலை தருவதற்காக ஊழியரிடம் பணம் வாங்கினால் அபராதம் 30,000 வெள்ளி வரை போகும். "முறையீட்டுக்குப் பதில் வரும்வரை சும்மா கடையில் நிற்கட்டும்" என்பதும் குற்றம்தான். செல்லுபடியாகும் அனுமதி இல்லாதவரை வேலை வாங்கினால் முதலாளிக்கு 5,000 முதல் 30,000 வெள்ளி வரை அபராதம், ஓராண்டு வரை சிறை. அந்த ஊழியரும் தண்டனைக்கு உள்ளாவார். மொழி சரியாகத் தெரியாமல், சொன்னதைச் செய்தவரை நீதிமன்றத்தில் நிறுத்துவது பெரும் பாவம்.

புதுப்பிப்பு மறுக்கப்படுவது இதைவிடக் கடினம். பத்தாண்டு உழைத்தவருக்குச் சில வாரங்களில் எல்லாம் முடிந்துவிடும். அவர் விமானம் ஏறும் முன் சம்பளப் பாக்கி முழுவதையும் முதலாளி தீர்த்தாக வேண்டும். பயணச்சீட்டும் பெர்மிட் ஊழியரின் முதலாளி பொறுப்பே. மலேசியர் அல்லாத ஒவ்வொரு பெர்மிட் ஊழியருக்கும் கட்டிய 5,000 வெள்ளிப் பிணை இந்தக் கடமைகளுக்காகத்தான். கட்டுமான ஊழியர் என்றால், அனுமதி முடிய 40 முதல் 21 நாள் இருக்கும்போது, பழைய முதலாளியின் சம்மதம் இல்லாமலே வேறு கம்பெனிக்கு மாற வழி உண்டு. கோட்டா குறைந்ததால் இவரைப் புதுப்பிக்க முடியாது என்று முன்கூட்டியே தெரிந்தால், அந்த நாள்கள் கடந்துபோகும் முன் அவரிடம் சொல்லிவிட வேண்டும். கடைசி வாரத்தில் சொன்னால் அவருக்கு ஊர் திரும்புவதைத் தவிர வேறு வழி இருக்காது.

புதிதாக வரவிருப்பவரும் ஊரில் ஒரு வாழ்க்கையை நிறுத்தி வைத்திருக்கிறார். நகையை அடகு வைத்திருப்பார், பார்த்த வேலையை விட்டிருப்பார். கொள்கையளவு ஒப்புதல் கடிதம், அதாவது ஐபிஏ, கைக்கு வரும்வரை "வேலையை விட்டுவிட்டுத் தயாராக இரு" என்று யாரிடமும் சொல்லாதீர்கள். மறுப்பு வந்தால் அன்றைக்கே நீங்களே தொலைபேசியில் அழைத்து, காரணம் உங்கள் கோட்டா என்றால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். உங்கள் பெயரைச் சொல்லி ஏஜெண்ட் அவரிடம் பணம் வாங்கியிருக்கிறாரா என்று கேளுங்கள். வாங்கியிருந்தால் அது முழுதாகத் திரும்பிப் போகும்வரை விடாதீர்கள்.