இறப்பரும் அரிசியும்

ஒரு நாடு சுதந்திரம் பெற்றுவிட்டது என்பதற்குக் கொடியும் கீதமும் பாராளுமன்றமும் அடையாளங்களாகும். ஆயினும், அந்நாட்டு மக்கள் உலையில் இடும் அரிசி எங்கிருந்து வருகின்றது, அதற்கு ஈடாக அவர்கள் விற்கும் பொருளை வாங்குவோர் யாவர் என்னும் வினாக்களுக்கு விடை காணும்போதே அச்சுதந்திரத்தின் உண்மையான அளவு புலப்படும். 1952 ஆம் ஆண்டிலே இலங்கை சீனாவுடன் செய்துகொண்ட இறப்பர்-அரிசி ஒப்பந்தத்தின் வரலாறு இவ்வுண்மையை நன்கு விளக்குகின்றது.

அந்நியர் ஆட்சிக் காலத்தில் இலங்கையின் பொருளாதாரம் தேயிலை, இறப்பர், தெங்கு என்னும் மூன்று பயிர்களைத் தூண்களாகக் கொண்டு அமைந்தது. இவற்றை விற்று வரும் பணத்தைக் கொண்டு அரிசியை வாங்குவது வழக்கமாயிற்று. 1948 ஆம் ஆண்டிலே ஆட்சி கைமாறியது; இவ்வமைப்போ மாறவில்லை. மக்கள் உண்ட அரிசியிற் பாதிக்கு மேற்பட்டது பர்மா முதலிய வெளிநாடுகளிலிருந்தே வந்தது. இறப்பர் விலை வீழ்ந்து அரிசி விலை ஏறினால் நாடு இருபுறமும் அடிபட வேண்டியதே.

அவ்வாறே நிகழ்ந்தது. 1950 ஆம் ஆண்டு யூன் மாதத்திற் கொரிய யுத்தம் மூண்டபோது, வல்லரசுகள் இறப்பரைச் சேமிக்க முற்பட்டமையால் அதன் விலை மிக உயர்ந்தது. அவ்வுயர்வு நீடிக்கவில்லை. 1952 இல் இறப்பர் விலை சரிந்திருந்தது. அரிசியோ கிடைத்தற்கரிய பொருளாகிவிட்டது. இலங்கை முதலில் அமெரிக்காவையே நாடியது. இறப்பரை நியாயமான விலைக்கு வாங்கவும், அரிசி பெறுவதற்கு உதவவும் வேண்டுமெனக் கேட்டது. பேச்சுவார்த்தைகள் திருப்தியான பயனைத் தரவில்லை.

சீனாவின் நிலையோ இதற்கு மறுதலையாக இருந்தது. அங்கே அரிசி இருந்தது, இறப்பர் இல்லை. போர்த்துறைக்குப் பயன்படும் பொருள்களைச் சீனாவுக்கு அனுப்பலாகாது என 1951 ஆம் ஆண்டு மே மாதத்தில் ஐக்கிய நாடுகள் தாபனம் தீர்மானித்திருந்தது. பிரித்தானியரின் ஆட்சியிலிருந்த மலாயாவிலிருந்தும் இறப்பர் செல்வது தடைப்பட்டது. இலங்கை அப்பொழுது அத்தாபனத்தில் அங்கத்துவம் பெற்றிருக்கவில்லை. சோவியத் நாடு தனது மறுப்பு வாக்கினால் அதனை வெளியே நிறுத்தியிருந்தது. 1955 ஆம் ஆண்டின் இறுதியிலேதான் கதவு திறந்தது. உள்ளே அனுமதிக்கப்படாத நாட்டை உள்ளிருந்தோரின் தீர்மானம் எவ்வாறு கட்டுப்படுத்தும்? விலக்கி வைத்ததே வழிவிட்டதாக முடிந்தது.

1952 ஆம் ஆண்டு டிசெம்பர் 18 ஆந் திகதி, வர்த்தக மந்திரி ஆர். ஜீ. சேனநாயக்கா பீக்கிங் நகரில் ஒப்பந்தத்திற் கைச்சாத்திட்டார். ஐந்தாண்டுகளுக்கு, ஆண்டுதோறும் 270,000 மெட்ரிக் தொன் அரிசியைச் சீனா தருவது; 50,000 மெட்ரிக் தொன் இறப்பரை இலங்கை கொடுப்பது என்பதே அதன் சாரம். இலங்கையில் விளைந்த இறப்பரில் இது ஏறக்குறையப் பாதியாகும். சந்தை விலையினும் கூடிய விலையை இறப்பருக்குக் கொடுக்கச் சீனா இசைந்தது.

இதனைச் செய்த டட்லி சேனநாயக்காவின் அரசாங்கம் பொதுவுடைமைக் கொள்கையை வெளிப்படையாக எதிர்த்த அரசாங்கமாகும். சீனாவிடம் அதனை இட்டுச் சென்றது கொள்கைப் பற்றன்று, மக்களின் பசியே. இதற்கு விலையும் கொடுக்க வேண்டியிருந்தது. இத்தகைய வர்த்தகம் செய்யும் நாடுகளுக்கு உதவி மறுக்கும் அமெரிக்கச் சட்டத்தின் காரணமாக, 1956 வரை இலங்கைக்கு அந்நாட்டின் பொருளாதார உதவி கிட்டவில்லை.

ஒப்பந்தம் எல்லா நோய்க்கும் மருந்தாகவுமில்லை. அரிசி வந்தது; ஆனால் அதனை மலிவாகப் பங்கிடும் செலவைத் திறைசேரி தாங்கவில்லை. 1953 இல் ஒரு கொத்துப் பங்கீட்டரிசியின் விலை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டது. ஓகஸ்ட் 12 ஆந் திகதி நாடெங்கும் ஹர்த்தால் நிகழ்ந்தது, உயிர்கள் பலியாயின. இரண்டு மாதங்களுள் பிரதம மந்திரி பதவி துறந்தார். வெளிநாட்டு உறவு களஞ்சியத்தை நிரப்பலாம். நிரம்பியதைப் பகிரும் பொறுப்பு வீட்டாருடையதே.

ஆயினும், ஒப்பந்தம் நிலைத்தது. அடுத்து வந்த பிரதம மந்திரி சேர் ஜோன் கொத்தலாவலை, 1955 ஆம் ஆண்டு பாண்டுங் மகாநாட்டில், சீனப் பிரதமர் சூ என் லாய் வீற்றிருந்த சபையிலேயே, கிழக்கு ஐரோப்பாவிற் சோவியத் ஆதிக்கத்தைப் புதியதொரு குடியேற்றவாதமெனக் கண்டித்தார். சபை கொந்தளித்தது, அரிசிக் கப்பல்கள் நிற்கவில்லை. 1957 இல் இரு நாடுகளும் இராசதந்திர உறவு பூண்டன. 1962 இல் இந்தியாவும் சீனாவும் எல்லையிற் பொருதியபோது, அணிசேரா நாடுகள் ஆறினைக் கொழும்பிற் கூட்டிச் சமரசம் தேடச் சிறிமாவோ பண்டாரநாயக்காவால் இயன்றது. இரு தலைநகரங்களிலும் மதிப்புடன் பேசத்தக்க நிலையில் இலங்கை இருந்தமையே அதற்குத் துணை.

மீண்டும் மீண்டும் புதுப்பிக்கப்பட்ட இவ்வொப்பந்தம் 1982 இல் முடிவுற்றது. சிறிய நாடொன்று பெரிய நாடுகளின் பகைகளைத் தன் பகைகளாக ஏற்கவேண்டுவதில்லை என்பதை அது காட்டிச் சென்றது. நடுநிலைமை என்பது மேடையிற் பேசப்படும் தத்துவமாவதற்கு முன்னரே, இலங்கையில் அது சோற்றுப் பானையிற் பிறந்துவிட்டது.