பிரம்பும் நிறமும்

“கண் இரண்டையும் விட்டுவிட்டு மிகுதித் தோலையெல்லாம் உரித்துவிடுங்கள், வாத்தியார்.”

என்னை முதன்முதலாகப் பாடசாலையில் ஒப்படைத்த அன்று என் தந்தையார் கூறிய வார்த்தைகள் இவை. நேயர்கள் திடுக்கிட வேண்டியதில்லை. அக்காலத்தில் யாழ்ப்பாணத்துப் பெற்றார் பலரும் இதையே சொல்லித்தான் பிள்ளைகளை ஒப்படைத்தார்கள். சொன்னவர் மனத்திலும் கேட்டவர் மனத்திலும் வன்மம் இருந்ததில்லை. “உங்களை முழுவதும் நம்புகிறேன்” என்பதை அவர்கள் அவ்வாறு கூறினார்கள், அவ்வளவே. எங்கள் மண்கும்பானில் பிரம்புக்கு விலை கொடுக்க வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. வேலியிற் கிளுவை இருந்தது, பூவரசு இருந்தது. வாய்பாடு தவறிய மாணவனே போய்த் தனக்குரிய தடியை முறித்துக்கொண்டு வருவான். மெல்லிய தடியாகப் பார்த்து முறித்தால் அதற்கு வேறாக இரண்டு அடி உண்டு. மெல்லிய தடிதான் அதிகம் நோகும் என்ற உண்மையைப் பௌதிகம் படிக்கு முன்னரே நாங்கள் அறிந்திருந்தோம்.

சட்டமும் நெடுங்காலம் ஆசிரியர் பக்கமே நின்றது. 1883ஆம் ஆண்டில் இந்நாட்டுக்கென இயற்றப்பட்ட தண்டனைச் சட்டக்கோவையில், பள்ளி ஆசிரியர் ஒருவர் நியாயமான அளவில் மாணவனை அடித்தால் அது குற்றமாகாது என்பதற்கு ஓர் உதாரணமே எழுதி வைக்கப்பட்டிருந்தது. நீதிமன்றங்கள் கசையடி விதிக்கும் வழக்கத்தை 2005ஆம் ஆண்டின் 23ஆம் இலக்கச் சட்டம் நீக்கியது. அதே ஆண்டில் வந்த கல்வி அமைச்சின் 2005/17ஆம் இலக்கச் சுற்றுநிருபம் வகுப்பறையிலிருந்து பிரம்பை விலக்கியது. பின்னர் 2021ஆம் ஆண்டு பெப்ருவரியில் உயர்நீதிமன்றம் ஒரு தீர்ப்பு வழங்கிற்று. தென்மாகாணத்துப் பாடசாலை ஒன்றில் 2017ஆம் ஆண்டிலே ஆசிரியர் ஒருவர் அறைந்ததனால் மாணவன் ஒருவனின் செவிப்புலன் பாதிப்புற்றது. கொடூரமான, இழிவுபடுத்தும் நடத்தைக்கு எவரும் உட்படுத்தப்படலாகாது என்ற அரசியலமைப்பின் 11ஆம் உறுப்புரை அங்கே மீறப்பட்டது என மன்று கண்டது. ஆசிரியர் ஒன்றரை இலட்சம் ரூபாவும் அரசு ஐந்து இலட்சம் ரூபாவும் நட்டஈடாக வழங்குமாறு பணித்தது.

பிரம்பு போனதும் ஒழுக்கமும் போயிற்று என்று சொல்லும் ஆசிரிய நண்பர்கள் எனக்கு உண்டு. அவர்களுடன் நான் உடன்படுவதில்லை. ஆனால் இன்று அதைப்பற்றி வாதாட வரவில்லை. பிரம்பைக் கீழே வைத்துவிட்டோம் என்று நிம்மதியுறும் எங்களிடம் இன்னொரு தண்டனை எஞ்சியிருக்கிறது. அதைப்பற்றியே பேச விரும்புகிறேன்.

பிரம்படி கொடியதாயினும் அதற்கு மூன்று இலட்சணங்கள் இருந்தன. அதற்கு ஒரு காரணம் இருந்தது: ஏழெட்டு ஐம்பத்தாறு என்பதை ஐம்பத்துநான்கு என்று சொன்னேன். அதற்கு ஓர் அளவு இருந்தது: நான்கு அடி. அதற்கு ஒரு முடிவும் இருந்தது: மணி அடித்ததும் கையை உதறிக்கொண்டு கிளித்தட்டு விளையாடப் போய்விடுவேன். நான் சொல்ல வந்த தண்டனைக்கோ இம்மூன்றும் இல்லை. பிள்ளை செய்த பிழை எதுவுமில்லை, பிறந்ததுதான் பிழை. காலையிலிருந்து மாலைவரை, வீட்டிலும் வீதியிலும் வகுப்பிலும் அது நடக்கும். ஐம்பது வயதிலும் முடியாது. தோலின் நிறத்துக்காக நாம் பிள்ளைகளுக்கு விதிக்கும் தண்டனையைத்தான் சொல்கிறேன்.

அத்தண்டனையை நானும் விதித்திருக்கிறேன். தொண்ணூறுகளின் பிற்பகுதியில், ஆசிரியத் தொழிலின் தொடக்க ஆண்டுகளில், பாடசாலை ஒன்றில் வாணி விழாவுக்கு நாடகம் பழக்கினேன். எட்டாம் வகுப்பில் ஒரு சிறுமி இருந்தாள். குமரகுருபரரின் சகலகலாவல்லி மாலையைப் பத்துப் பாட்டும் தடையின்றிப் பாடுவாள். அத்தகைய குரலை அதற்கு முன்போ பின்போ நான் வகுப்பறையிற் கேட்டதில்லை. ஆனால் அவள் நல்ல கறுப்பு. ஆகையால் வெள்ளை நிறமான வேறொரு பிள்ளைக்கு வெள்ளைச் சேலை உடுத்தி, வீணையைக் கையிற் கொடுத்து மேடையில் இருத்தினேன். பாடத் தெரிந்த பிள்ளையைத் திரைக்குப் பின்னால் நிறுத்தினேன். மேடையில் இருந்தவள் வாயை அசைத்தாள். மறைவில் நின்றவள் பாடினாள். விழா சிறப்பாக நடந்தது என்று எல்லாரும் பாராட்டினார்கள். நானும் மகிழ்ந்தேன். எவரையும் நோகச் செய்தேன் என்ற எண்ணமே எனக்கு எழவில்லை.

மறு ஆண்டு அச்சிறுமியை மீண்டும் பாட அழைத்தேன். அவள் கோபிக்கவில்லை, அழவுமில்லை. “திரைக்குப் பின்னாலையோ, சேர்?” என்று கேட்டாள். நான் பதில் சொல்லத் தாமதித்தேன். அந்தத் தாமதமே அவளுக்குப் பதிலாகிவிட்டது. அதன்பின் அவள் அப்பாடசாலையிற் பாடியதை நான் கேட்கவில்லை.

இந்த மனப்பான்மை நமக்கு எங்கிருந்து வந்தது? முதலில் நமது பேச்சைக் கவனியுங்கள். “பெண் நல்ல நிறம்” என்கிறோம். கறுப்பும் நிறந்தானே? ஆயினும் நிறம் என்றாலே வெள்ளை என்று பொருள்கொள்ளப் பழகிவிட்டோம். அப்படியாயின் மற்றவர்கள் நிறமற்றவர்களா? “பொது நிறம்” என்று ஒரு சமாதானச் சொல்லும் வைத்திருக்கிறோம். கலியாணப் பேச்சில் சாதகம் பொருந்திய பின்னும் நிறம் பொருந்தவில்லை என்று நின்றுபோனவை எத்தனை! நிறம் குறையுமிடத்துச் சீதனம் கூடுவதும் நாம் அறியாததன்று. வெளிநாட்டிலிருந்து வரும் மாப்பிள்ளை வீட்டார் முதலிற் கேட்பது படத்தை. அப்படமோ கறுப்பை வெளுப்பாக்கும் கைத்தொலைபேசியில் எடுத்தது. பிறகு நேரிற் பார்த்து ஏமாந்தோம் என்று குறை வேறு சொல்வார்கள்.

இதனைத் தமிழரின் தொன்மையான அழகுணர்ச்சி என்று எவரேனும் கூறினால் அவர் பழைய இலக்கியத்தைப் படிக்கவில்லை என்பேன். சங்கப் புலவர்கள் தலைவியின் மேனியழகை மாமை என்றார்கள். மாந்தளிரின் நிறத்தை அதற்கு உவமை காட்டினார்கள். தலைவன் பிரிந்தால் அந்த நிறம் கெட்டு மேனி வெளிறும். அவ்வெளிறலுக்குப் பசலை என்று பெயர். வள்ளுவர் அத்துன்பத்துக்கென்றே ‘பசப்புறு பருவரல்’ என ஓர் அதிகாரம் வகுத்தார். மேனி வெளுப்பது அவர்களுக்கு நோய், நமக்கு அலங்காரம்.

பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியிற் பாண்டி நாட்டுக் கரைக்கு வந்த வெனிஸ் நகரத்து மார்க்கோ போலோ எழுதிவைத்த செய்தி இன்னும் சுவையானது. இந்நாட்டில் அதிகக் கறுப்பானவரே அதிகம் மதிக்கப்படுகிறார் என்கிறார். தெய்வங்களைக் கறுப்பாகவும் பேய்களை வெள்ளையாகவும் தீட்டுகிறார்கள் என்கிறார். குழந்தைகளின் கறுப்பு மேலும் சிறக்கும்பொருட்டுப் பெற்றார் வாரந்தோறும் நல்லெண்ணெய் தேய்க்கிறார்கள் என்றும் குறிக்கிறார். அவர் சொன்னதில் எவ்வளவு கண்டது, எவ்வளவு கேட்டது என்று ஆராய்ச்சியாளர் பார்க்கட்டும். குழந்தை வெள்ளையாகப் பிறக்கவேண்டும் என்று கருப்பிணிக்குப் பாலிற் குங்குமப்பூக் கலந்து கொடுக்கும் இன்றைய வீட்டுக்குள் அவர் மீண்டும் வந்தால் தாம் எழுதியதைத் தாமே நம்பமாட்டார்.

இடையில் நேர்ந்தது ஒன்றல்ல. வெயிலில் உழைப்பவன் கறுத்தான். நிழலில் இருந்து கணக்கெழுதியவன் வெளுத்தான். உழைப்பை இழிவாக எண்ணிய சமூகம் உழைத்தவனின் நிறத்தையும் இழிவாக எண்ணியது. போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், ஆங்கிலேயர் என அதிகாரத்தில் இருந்தவர்கள் பல நூற்றாண்டுக்காலம் வெள்ளையராகவே இருந்தமை அதனை இறுக்கிற்று.

எங்கள் ஊருக்கு வந்து பார்த்தவர்களுக்கு வெயிலைப்பற்றி நான் விளக்க வேண்டியதில்லை. பண்ணைத் தாம்போதியைக் கடந்து அல்லைப்பிட்டிக்கு அப்பால் வந்தால் வெண்மணல். மேலிருந்து ஒரு வெயில். மணலிலிருந்து எதிரடித்து இன்னொரு வெயில். கடல் நீரிலிருந்து மூன்றாவது வெயில். நடுக்கோட்டிலிருந்து பத்துப் பாகைக்குள் கிடக்கும் தீவு. இங்கே வலை இழுக்கும் தகப்பனுக்கும் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கும் தாய்க்கும் கறுப்பான பிள்ளை பிறப்பதில் வியப்பு யாது? தோலின் உட்புறத்திலுள்ள சில உயிரணுக்கள் மெலனின் என்ற கரிய நிறப்பொருளை உண்டாக்குகின்றன. வெள்ளையருக்கும் நமக்கும் அவ்வுயிரணுக்களின் தொகை ஏறத்தாழ ஒன்றே. அவை உண்டாக்கும் நிறப்பொருளின் அளவிலும் வகையிலுமே வேறுபாடு. சூரியனின் புறவூதாக் கதிர்கள் உள்ளே சென்று கேடு விளையாதபடி அது குடைபோல் நின்று தடுக்கிறது. எங்கள் பிள்ளைகளுக்கு இயற்கை இலவசமாகக் கொடுத்த குடையைப் பணம் கொடுத்துக் கழற்ற முயல்கிறோம்.

கழற்றுவதற்குரிய களிம்புகள் நகரத்துப் பான்சிக் கடைகளில் அடுக்கிக் கிடக்கின்றன. 1975இல் இந்தியாவில் அறிமுகமான ‘ஃபெயார் அன்ட் லவ்லி’யை அறியாத வீடு நம்மிடையே அரிது. உலகெங்கும் நிறவெறிக்கு எதிரான குரல் ஓங்கிய 2020ஆம் ஆண்டில் அக்கம்பனி ‘ஃபெயார்’ என்பதை நீக்கிக் ‘குளோ அன்ட் லவ்லி’ என்று பெயர் மாற்றிற்று. பெயர் மாறியது, வாங்குபவரின் ஆசை மாறியதாகத் தெரியவில்லை. பெயரும் முகவரியும் அற்ற வேறு களிம்புகளே பெரிய ஆபத்து. தோலை வெளிறச் செய்யும் சிலவற்றிற் பாதரசம் கலக்கப்படுகிறது. அது மெலனின் உண்டாவதைத் தடுக்கும். கூடவே உடம்பினுட் சென்று சிறுநீரகத்தைக் கெடுக்கும். ஆகவேதான் பாதரசம் பற்றிய மினமாட்டா சர்வதேச உடன்படிக்கை இத்தகைய பூச்சுகளை ஒழிக்க முற்பட்டது. பத்தாம் வகுப்புப் பிள்ளைகளின் புத்தகப் பைக்குள் இத்தகைய சிறு டப்பிகளை நான் கண்டிருக்கிறேன்.

இவ்வெண்ணம் பிள்ளைகள் மனத்தில் எப்பொழுது புகுகிறது? 1940களில் அமெரிக்காவிற் கெனத் கிளார்க், மேமி கிளார்க் என்ற கறுப்பின உளவியல் தம்பதியர் மூன்று முதல் ஏழு வயது வரையுள்ள கறுப்பினக் குழந்தைகளிடம் பொம்மைகளைக் காட்டினர். நிறத்தைத் தவிர அவற்றில் வேறு வேறுபாடு இல்லை. நல்ல பொம்மை எது என்று கேட்டபோது பெரும்பாலான குழந்தைகள் வெள்ளைப் பொம்மையையே காட்டினார்கள். உன்னைப் போன்ற பொம்மை எது என்று கேட்டபோது சிலர் அழுதார்கள். பாடசாலைகளில் நிறம் பார்த்துப் பிள்ளைகளைப் பிரிப்பது சட்டவிரோதம் என்று 1954இல் அமெரிக்க உயர்நீதிமன்றம் தீர்த்தபோது இவ்வாராய்ச்சியும் எடுத்துக்காட்டப்பட்டது. எனவே மூன்று வயதுப் பிள்ளை நம்மிடம் முன்பள்ளிக்கு வரும்போதே பாதிப் பாடத்தைப் படித்துக்கொண்டு வருகிறது. மிகுதியை நாங்கள் படிப்பிக்கிறோம். பிரதம விருந்தினருக்கு மாலையிட யாரை நிறுத்துகிறோம்? பன்னீர்ச் செம்பு யார் கையில்? படம் எடுக்கும்போது முன்வரிசையில் யார்? வகுப்பிலே “கறுவல்” என்று ஒருவனைப் பட்டப்பெயரால் அழைக்கும்போது சிரிக்காத ஆசிரியர் எத்தனை பேர்? சுற்றுநிருபம் எங்கள் கையைக் கட்டியது; கண்ணையும் நாக்கையும் கட்ட எந்த அமைச்சாலும் இயலாது.

இப்பொழுது நான் அதிபராக இருக்கும் பாடசாலையில் ஒரு சிறு வழக்கத்தைக் கொண்டுவந்திருக்கிறேன். நாடகத்துக்குரிய பிள்ளைகளைத் தெரிவு செய்யும் ஆசிரியர்கள் திரைக்கு இப்பால் இருப்பார்கள். பிள்ளைகள் அப்பால் நின்று பேசியும் பாடியும் காட்டுவார்கள். குரல் மட்டுமே கேட்கும். இம்முறை எல்லாவற்றையும் சீர்செய்துவிட்டது என்று சொல்லவில்லை. சென்ற ஆண்டு வாணி விழாவில் சரஸ்வதி வேடம் கறுப்பான ஒரு பிள்ளைக்குக் கிடைத்தது. ஒரு தகப்பனார் அலுவலகத்துக்கு வந்து, மிக மரியாதையாகவே, “சரஸ்வதி வெள்ளையெல்லோ, சேர்?” என்று கேட்டார். கேள்வி நியாயமானதே, நம் நூல்கள் அவளை வெண்ணிறத்தவள் என்றே கூறுகின்றன. “கண்ணனும் இராமனும் கறுப்புத்தானே, போன முறை உங்கள் மகன் கண்ணனாக வந்தபோது நீலப் பொடி பூசினோமே, அப்பொழுது ஏன் கேட்கவில்லை?” என்றேன். அவர் மகன் நல்ல வெள்ளை. சிறிது நேரம் யோசித்தார். பிறகு சிரித்துவிட்டுப் போனார்.

மற்றொருவரை அவ்வளவு எளிதில் அனுப்ப இயலவில்லை. விழாவன்று சரஸ்வதியாக வேடம் புனையவிருந்த பிள்ளையின் தாயாரே ஒரு பவுடர்ப் பேணியைக் கொண்டுவந்தார். “கொஞ்சம் கூடப் போட்டுவிடுங்கோ, சேர். சபையிலை ஆரும் ஏதும் சொல்லிப் போடுவினம்” என்றார். அவர் முகத்தைப் பார்த்தேன். மகளின் நிறமே அவருக்கும். தாம் பட்ட பாட்டை மகள் படக்கூடாது என்ற அச்சந்தான் அவர் கையில் அந்தப் பேணியைக் கொடுத்திருந்தது. பேணியை வாங்கி மேசை லாச்சிக்குள் வைத்தேன். பிள்ளை தன் நிறத்தோடு மேடையேறித் தன் குரலிற் பாடினாள். விழா முடிந்த பின் பேணியைத் திருப்பிக் கொடுத்தேன். தாயார் ஒன்றும் பேசாமல் வாங்கிக்கொண்டார். என்னை அவர் மன்னித்தாரா என்பது இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.