ஆறு ஏன் மஞ்சளானது?

2015 ஆகஸ்ட் 5. அமெரிக்காவின் கொலராடோ மலைகளில், கைவிடப்பட்ட கோல்டு கிங் தங்கச் சுரங்கத்தின் வாயைத் தோண்டியபோது, உள்ளே தேங்கியிருந்த நீர் உடைத்துக்கொண்டது. சுமார் 1.1 கோடி லிட்டர். தோண்டியது வேறு யாருமல்ல, சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் பணிக்குழு! அனிமாஸ் ஆறு மஞ்சளாக ஓடியது.

எப்படி வந்தது அந்த நிறம்? சுரங்கப் பாறைகளில் பைரைட் என்ற இரும்பு சல்ஃபைடு உண்டு. காற்றும் நீரும் பட்டால் அதிலிருந்து கந்தக அமிலம் உண்டாகும்; பாக்டீரியாக்கள் இதைத் துரிதப்படுத்தும். அந்த அமிலம் பாறையின் ஈயம், துத்தநாகம், காட்மியம் எல்லாவற்றையும் கரைத்தெடுக்கும். ஆற்றுநீர் கலந்து அமிலத்தன்மை தணிந்ததும், கரைந்திருந்த இரும்பு துருத் துகள்களாகப் பிரியும். மஞ்சள் அதுதான்.

சில நாட்களில் ஆறு தெளிந்தது. உலோகம் போய்விட்டதா? இல்லை, இடம் மாறியது. ஈயமும் ஆர்செனிக்கும் துருத் துகள்களில் ஒட்டிக்கொண்டு படுகையில் படியும். துத்தநாகம் அவ்வளவு சுலபத்தில் படியாது. கரைந்தபடியே வெகுதூரம் போகும். மணலைவிட மெல்லிய வண்டலில்தான் உலோகம் அதிகம் சேரும். துகள் சிறுத்தால் ஒட்டிக்கொள்ளும் பரப்பு கூடுமே. பனி உருகி வெள்ளம் வந்தால் அந்த வண்டல் மறுபடி கிளறப்படும். எனவே நீரை மட்டும் சோதித்துவிட்டு ‘சுத்தம்’ என்பது அரைகுறை வேலை.

2016இல் அப்பகுதியின் 48 மாசு மூலங்கள் அமெரிக்க அரசின் தூய்மைப்படுத்தும் பட்டியலில் சேர்க்கப்பட்டன.