புளிக்குழம்பும் வெள்ளைத் திராட்சை மதுவும்



புதுவை நகரில், பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே, பிரெஞ்சு முறையில் சமைக்கும் உணவு விடுதிகள் சில உண்டு. அங்கே மீனோ இறாலோ மேசைக்கு வந்தால், குளிர்ந்த வெள்ளைத் திராட்சை மதுவும் உடன் வருவது வழக்கம். வாய்க்காலுக்கு மேற்கே அதே மீன் புளிக்குழம்பில் கொதிக்கிறது. முன்னதை நாகரிகம் என்றும் பின்னதை வெறும் பழக்கம் என்றும் பேசுவோரை நான் கண்டிருக்கிறேன். முன்னதைச் சீர்கேடு என்று ஒதுக்கிவிட்டு, அதன் காரணத்தைக் கேட்கவும் மறுப்போரையும் கண்டிருக்கிறேன். இரு சாராரும் ஆராயாமல் தீர்ப்புக் கூறுகின்றனர் என்பது என் எண்ணம். மதுவைப் பருகச் சொல்ல நான் இங்கு வரவில்லை. பருகாமலே அறியத்தக்க செய்தி அதில் நிரம்ப இருக்கிறது.

முதலில் மீனை எடுத்துக்கொள்வோம். கடல்நீர் உப்பு மிக்கது. அந்த உப்புச் சூழலைத் தாங்குவதற்காகக் கடல்மீனின் உடலில் டிரைமெத்தில் அமீன் ஆக்சைடு என்னும் பொருள் அமைந்திருக்கிறது. அதற்கு மணமில்லை. மீன் இறந்தபின் நுண்ணுயிர்கள் அதனை டிரைமெத்தில் அமீன் என்னும் வாயுப்பொருளாக மாற்றுகின்றன. நாம் மீன்வாடை என்று மூக்கைச் சுளிப்பது பெரும்பாலும் அதனால்தான். ஏரி, ஆற்று மீன்களில் இப்பொருள் மிகக் குறைவு. சுறாவிலோ மிக அதிகம்.

இந்த அமீன் ஒரு காரம். மிளகாயின் காரமன்று, வேதியியலார் கூறும் காரம். காரத்தோடு அமிலம் சேர்ந்தால் உப்பு உண்டாகும் என்பதைப் பள்ளியிலே படித்திருக்கிறீர்கள். அவ்வாறு உண்டாகும் உப்பு ஆவியாகிப் பறக்காது. பறக்காத பொருள் மூக்கை எட்டாது. எனவே வாடை அடங்கிவிடுகிறது. மீன் ஆய்ந்த கையைப் புளி தேய்த்துக் கழுவும் நம் வீட்டுப் பெண்மணிகள் இந்தச் சமன்பாட்டை எழுதிப் பார்த்ததில்லை. ஆயினும் அதன் விடையை அவர்கள் நன்கு அறிவார்கள்.

இனிப் புளியில் உள்ள அமிலம் எது என்று பார்ப்போம். எலுமிச்சையில் இருப்பது சிட்ரிக் அமிலம். புளியில் முதன்மையாக இருப்பது டார்டாரிக் அமிலம். புளியின் சதையில் நூற்றுக்கு 8 முதல் 18 பங்கு வரை அது இருக்கும். பழங்களிலே இந்த அமிலத்தை இவ்வளவு மிகுதியாகக் கொண்டவை அரிது. அந்த அரியவற்றுள் மற்றொன்று திராட்சை! மதுப் பீப்பாயின் உட்புறத்தில் படிகமாகப் படிவது இந்த அமிலத்தின் உப்பே. 1848-ஆம் ஆண்டில் லூயி பாஸ்டர் என்னும் பிரெஞ்சு அறிஞர், இவ்வமில வகையைச் சேர்ந்த உப்புப் படிகங்களை உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழ் வைத்து ஒவ்வொன்றாகப் பிரித்தார். வலக்கையும் இடக்கையும் போல ஒன்றுக்கொன்று எதிருருவான இருவகைப் படிகங்கள் அவற்றில் இருக்கக் கண்டார். மூலக்கூறுகளின் வடிவத்தை ஆராயும் ஒரு புதிய துறை அன்று பிறந்தது. திராட்சையிலும் நம் புளியிலும் இருப்பது ஒரே கையைச் சேர்ந்த அமிலம்தான். ஆக, வாய்க்காலின் இரு கரையிலும் மீனோடு சேர்வது ஒரே பொருள். நாம் அதனைச் சட்டியில் சேர்க்கிறோம். அவர்கள் வாயில் சேர்க்கிறார்கள்.

மீனுக்குரிய பிரெஞ்சு மதுக்களில் பெயர் பெற்றது முஸ்கதே. லுவார் ஆறு அட்லாண்டிக் கடலில் கலக்கும் பகுதியில், நாந்த் நகரைச் சூழ்ந்த தோட்டங்களில் அது விளைகிறது. 1709-ஆம் ஆண்டின் கடுங்குளிரில் அங்கே திராட்சைக் கொடிகள் பட்டுப்போயின. அதன்பின் குளிர் தாங்கும் மெலோன் என்னும் வெண்திராட்சையே பெரிதும் பயிரிடப்பட்டது. கடற்காற்று வீசும் அந்தக் குளிர்ந்த நிலத்தில் பழத்தின் புளிப்பு முற்றும் மறைவதில்லை. அந்தப் புளிப்புதான் அந்த மதுவின் சிறப்பு. அதனை வண்டலிலிருந்து பிரிக்காமல் குளிர்காலம் முழுதும் வைத்திருந்து புட்டியில் அடைப்பார்கள். நாவில் சிறிது குறுகுறுக்கும். அவ்வூரார் சிப்பிகளை உண்ணும்போது இதனையே நாடுகின்றனர். புதுவைக்குக் கப்பல் விட்ட பிரெஞ்சுக் கம்பெனியின் லொரியான் துறைமுகமும் இதே கடற்கரைப் பக்கத்தில் உள்ளதே. அப்பெயருக்குக் கீழ்த்திசை என்பது பொருள்.

இக்காலத்தில் சிலர் கடையில் வாங்கிய ஈஸ்ட் எதனையும் சேர்க்காமல், இயற்கையாகவே மது செய்கிறார்கள். இது புதுமையன்று. பனஞ்சாற்றில் யாரும் ஈஸ்ட் இடுவதில்லை; சில மணி நேரத்தில் தானே நுரைத்துக் கள்ளாகிறது. கலயத்தில் சுண்ணாம்பு தடவினால் பதநீராகவே நிற்கிறது. மதுத் தொழிலில் கேடு தரும் நுண்ணுயிர்களை அடக்கும் காவலாகக் கந்தக டையாக்சைடு சேர்ப்பது வழக்கம். இயற்கை முறையினர் அதனையும் மிகக் குறைத்துவிடுகின்றனர், அல்லது விட்டுவிடுகின்றனர். அப்போது காவல் புரிவது எது? புளிப்பேதான்! அமிலம் மிகுந்த நீர்மத்தில் கெடுக்கும் நுண்ணுயிர்கள் எளிதில் தழைப்பதில்லை. மீன்குழம்பு மறுநாள் காலை வரை தாங்குவதற்கும் இதுவே ஒரு காரணம். மறுநாள் அதன் சுவை கூடுகிறது என்பதில் எனக்கு ஐயமே இல்லை.

சிவப்பு மது மீனுக்கு ஏன் ஒவ்வாது என்று நீங்கள் கேட்கலாம். வெள்ளை மதுவுக்குச் சாற்றை உடனே பிழிந்து தோலை நீக்குவார்கள். சிவப்பு மதுவில் தோலும் விதையும் ஊறும். அதன் துவர்ப்பே குற்றம் என்று நெடுங்காலம் கருதினார்கள். 2009-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் பலவகை மதுக்களை உலர்ந்த சிப்பித் தசையோடு சுவைக்கச் செய்து சோதித்தனர். மதுவில் கரைந்துள்ள இரும்பு மிகுந்தால் வாயில் மீன்வாடை தங்குகிறது என்றும், இரும்பைக் கட்டிப்போட்டால் அது குறைகிறது என்றும் கண்டனர். இரும்பு குறைந்த சிவப்பு மதுவில் அந்தக் குறை அவ்வளவாக இல்லை. நிறத்தின்மீது சுமத்திய பழி இவ்வாறு ஓரளவு நீங்கியது.

இந்தக் கதை புதுவைக்குப் பிரெஞ்சுக்காரரோடு வந்ததன்று. பிரான்சுவா மார்த்தேன் 1674-இல் இங்கே குடியேறினார். அதற்குப் பதினாறு நூற்றாண்டுகள் முன்னரே, நகருக்குத் தெற்கே அரியாங்குப்பம் ஆற்றங்கரையிலுள்ள அரிக்கமேட்டில் யவனரின் சாடிகள் இறங்கின. 1945-இல் மார்டிமர் வீலரும், 1989 முதல் 1992 வரை விமலா பெக்லியும் அங்கே அகழ்ந்தனர். இரு காதுகள் உடைய அந்த உயர்ந்த சாடிகளின் ஓடுகளில் பெரும்பாலானவை மது வந்தவை. காஸ் தீவின் வடிவத்தில் அமைந்தவை அவற்றுள் மிகுதி. காஸ் தீவினர் தம் மதுவில் கடல்நீரையே கலந்தனர். யவனர் தந்த மதுவைப் பாண்டியன் நன்மாறன் பருகியதை நக்கீரர் புறநானூற்றில் பாடியிருக்கிறார். அந்த ஓட்டுக் குவியலிலேயே ஒலிவ எண்ணெய் வந்த சாடிகளோடு, உப்பிட்டு ஊறவைத்த மீன்சாறு வந்த சாடிகளும் அடையாளம் காணப்பட்டுள்ளன. அரிக்கமேட்டுப் பொருள்கள் பலவற்றைப் புதுவை அருங்காட்சியகத்திலே காணலாம்.