தவறுதலாகப் பிரிக்கப்பட்டது... படிக்கப்படவில்லை!

லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தில் உயரமான தூணின் உச்சியில், வலது கை இல்லாமல் நிற்கிறது ஒரு சிலை. பிரிட்டன் கொண்டாடும் கடற்படை நாயகன் நெல்சன்தான் அவர். அந்தக் கையில் குண்டு பாய்ந்த இரவில், ரத்தம் கொட்டாமல் இறுகக் கட்டி அவர் உயிரைக் காப்பாற்றியவர் யார் தெரியுமா? மனைவி ஃபேனியின் முதல் திருமணத்தில் பிறந்த மகன் ஜோசயா!

அப்படிப்பட்ட குடும்பத்தைத்தான் நெல்சன் பிற்பாடு உதறிவிட்டுப் போனார்.

ஃபேனி, கரீபியன் கடலில் உள்ள நெவிஸ் தீவைச் சேர்ந்தவர். இளம் வயதிலேயே கணவரை இழந்து, சின்னப் பையனோடு இருந்தவரை, கப்பல் கேப்டனாக வந்த நெல்சன் விரும்பி, 1787 மார்ச்சில் கரம்பிடித்தார். அடுத்த சில ஆண்டுகள் நெல்சனுக்குக் கப்பல் கிடைக்கவில்லை. பாதிச் சம்பளத்தில், பாதிரியாரான மாமனாரின் கிராமத்தில் குடித்தனம். வெயில் தேசத்தில் வளர்ந்த ஃபேனி, இங்கிலாந்தின் குளிரில் நடுங்கியபடியே அந்த வீட்டை நடத்தினார்.

1793-ல் போர் வந்தது. கணவர் கடலுக்குப் போனார், மகனையும் கூட்டிக்கொண்டு! கடல்காரன் வீட்டுப் பெண்ணுக்குக் கடிதம்தான் உயிர்மூச்சு. நெல்சனின் ஒரு கண் பார்வை போனது. 1797-ல் டெனரீஃப் தீவுச் சண்டையில் கையும் போனது. வீடு திரும்பியவரின் ஆறாத புண்ணுக்கு மாதக்கணக்கில் மருந்து வைத்துக் கட்டியவர் ஃபேனி.

நேபிள்ஸில் விழுந்த இடி

மறு வருடமே நைல் போரில் மாபெரும் வெற்றி. களைத்துப்போய் நேபிள்ஸ் நகரில் இறங்கிய நெல்சனைக் கவனித்துக்கொண்டவர், பிரிட்டிஷ் தூதரின் மனைவி எம்மா ஹாமில்டன். அது காதலாக மாறி, ஊர் வாய்க்கு அவலானது. பத்திரிகைகளில் கேலிச்சித்திரங்கள் வேறு! 1800 நவம்பரில் எம்மாவோடும் அவர் கணவரோடும் ஒன்றாகவே இங்கிலாந்தில் வந்து இறங்கினார் நெல்சன். அடுத்த ஜனவரியில் ஃபேனியை விட்டு ஒரேயடியாகப் பிரிந்தார். அதே மாதம் எம்மாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது.

ஃபேனி சாபம் விடவில்லை. 1801 டிசம்பரில் கணவருக்கு ஒரு கடிதம் எழுதினார். நாம் சேர்ந்து வாழ்வோம், நடந்ததையெல்லாம் ஒரு கனவுபோல மறந்துவிடுவோம் என்பதுதான் அதன் சாரம்.

கடிதம் திரும்பி வந்தது. நெல்சன் அதைத் தவறுதலாகப் பிரித்துவிட்டார், ஆனால் படிக்கவில்லை என்று அதன்மேல் குறிப்பு எழுதியிருந்தார் அவருடைய நண்பர்.

யோசித்துப் பாருங்கள்... ‘முடியாது’ என்று ஒரு வரி எழுதியிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். படிக்கவே இல்லை என்பது எவ்வளவு பெரிய அடி!

மாமனாருக்கு மருமகள்

நெல்சனின் சகோதரிகளும் அண்ணனும் எம்மா பக்கம் சாய்ந்தார்கள். வயதான மாமனார் மட்டும் ஃபேனியோடு உறவை விடவில்லை. 1802-ல் அவர் மரணப்படுக்கையில் கிடந்தபோது ஓடிப்போய்ப் பக்கத்தில் நின்றவர், கைவிடப்பட்ட அந்த மருமகள்தான். மகன் நெல்சன் இறுதிச் சடங்குக்குக்கூட வரவில்லை.

1805-ல் டிரஃபால்கர் போரில் நெல்சன் உயிர்விட்டார். ‘எம்மாவையும் மகளையும் நாடு பார்த்துக்கொள்ள வேண்டும்’ என்ற அவரது கடைசி ஆசையை அரசு கண்டுகொள்ளவில்லை. 1815-ல் வறுமையில் இறந்துபோனார் எம்மா. அரசு தந்த ஓய்வூதியத்தில் கௌரவமாக வாழ்ந்த ஃபேனி, 1831-ல் கண்மூடினார். எக்ஸ்மத் அருகே, தனக்கு முன்பே இறந்துவிட்ட மகன் ஜோசயாவோடு அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்.

‘கணவனைக் கட்டிப்போடத் தெரியாத மனைவி’ என்று பல காலம் ஃபேனியைக் குறை சொன்னவர்கள் உண்டு. துரோகம் நடந்த வீட்டில் பழியையும் பாதிக்கப்பட்டவர் தலையிலேயே கட்டுவது எல்லா ஊருக்கும் பொதுதானே!

மன்னிக்க ஒருவர் போதும். மீண்டும் சேர்ந்து வாழத்தான் இருவர் வேண்டும். ஃபேனி தன் பங்கைச் செய்துவிட்டார். கடிதம் திரும்பி வந்தபிறகு அவர் நொறுங்கி உட்காரவில்லை; தன்னை நேசித்த முதியவருக்கு மருமகளாகவே இருந்து, தலைநிமிர்ந்து வாழ்ந்தார். மன்னிப்பை வாங்கிக்கொள்ள எதிராளி முன்வராவிட்டால், அந்த இழப்பு மன்னித்தவருக்கு இல்லை!