கூட்டு வணிக முன்மொழிவை ஏஐ எழுதலாம்; பொறுப்பு யாருடையது? - ஒரு விளக்கம்

பெங்களூரு: பெரிய நிறுவனங்களுடன் இணைந்து தொழில் செய்ய விரும்பும் சிறுதொழில் முனைவோர், முதலில் தங்கள் திட்டத்தை எழுத்து வடிவில் அளிக்க வேண்டியுள்ளது. தொழில் வட்டாரங்களில் 'புரபோசல்' என அழைக்கப்படும் இந்தக் கூட்டு வணிக முன்மொழிவை ஆலோசகர்களிடம் பணம் கொடுத்து எழுதி வாங்குவது வழக்கம். சாட்ஜிபிடி, ஜெமினி, கிளாட் போன்ற ஏஐ உதவிச் செயலிகள் வந்த பிறகு, அதே வேலையைச் சில நிமிடங்களில் கைப்பேசியிலேயே முடித்துக்கொள்ள முடிகிறது. ஆனால் செயலி எழுதித் தந்த ஒரு வாக்கியம் தவறாக இருந்தால் அதற்குப் பொறுப்பேற்பது யார் என்ற கேள்வியும் உடன் எழுகிறது. முன்மொழிவு எழுத ஏஐ எந்த அளவுக்கு உதவும், எங்கே எச்சரிக்கை தேவை, இந்தியச் சட்டம் என்ன சொல்கிறது என்பதை இங்கே காணலாம்.

கூட்டு முயற்சிகளால் வளர்ந்த நகரம்

பெங்களூருவின் தொழில் வரலாற்றில் கூட்டு முயற்சிகளுக்குத் தனி இடம் உண்டு. 1940 டிசம்பரில் தொழிலதிபர் வால்சந்த் ஹீராசந்த், அன்றைய மைசூர் அரசுடன் இணைந்து தொடங்கிய விமானத் தொழிற்சாலையே இன்றைய ஹெச்ஏஎல் நிறுவனம். ஜப்பானின் டொயோட்டாவும் கிர்லோஸ்கர் குழுமமும் 1997-ம் ஆண்டு கூட்டாகத் தொடங்கிய நிறுவனத்தின் கார் ஆலை, நகருக்கு அருகே பிடதியில் இயங்குகிறது.

பெரிய ஆலைகளைச் சுற்றி சிறிய பட்டறைகள் பெருகின. பீன்யா தொழிற்பேட்டையிலும், எல்லையைத் தாண்டி தமிழகத்தின் ஓசூரிலும் உதிரிபாகம், அச்சு வார்ப்பு, கடைசல் வேலை செய்யும் சிறு நிறுவனங்கள் ஏராளமாக உள்ளன. இவற்றை நடத்துபவர்களில் பலருக்கு இயந்திரத்தின் நுணுக்கம் கைவந்த கலை. அதை ஆங்கிலத்தில் பத்துப் பக்க ஆவணமாக எழுதுவதுதான் கடினம். திறமை இருந்தும் எழுத்து சரியாக அமையாததால் வாய்ப்பு கைநழுவும் நிலையை மாற்ற ஏஐ உதவக்கூடும் என்பதே இதன் மீதான எதிர்பார்ப்புக்கு முக்கியக் காரணம்.

எந்த இடத்தில் பலன் அதிகம்?

அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஷகேத் நோய், விட்னி ஜாங் ஆகியோர் 2023 ஜூலையில் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்ட ஆய்வு இதற்கு ஓரளவு விடை தருகிறது. பட்டப்படிப்பு முடித்த 453 தொழில்முறைப் பணியாளர்களுக்குச் செய்திக்குறிப்பு, சிறு அறிக்கை, மின்னஞ்சல் போன்ற அலுவலக எழுத்துப் பணிகள் அளிக்கப்பட்டன. சாட்ஜிபிடியைப் பயன்படுத்தியவர்களுக்கு வேலை நேரம் சராசரியாக 40 சதவீதம் குறைந்தது. எழுத்தின் தரம் 18 சதவீதம் உயர்ந்தது. எழுதுவதில் பின்தங்கியிருந்தவர்களே கூடுதலாகப் பயனடைந்தனர் என்பது குறிப்பிடத்தக்கது.

மொழித் தடையும் குறைந்து வருகிறது. ஏஐ மாதிரிகள் எழுத்துகளை 'டோக்கன்' எனப்படும் சிறு துண்டுகளாகப் பிரித்தே கையாள்கின்றன. துண்டுகள் கூடினால் செலவும் நேரமும் கூடும். 2024 மே மாதம் ஜிபிடி-4ஓ அறிமுகமானபோது, முன்பு 116 டோக்கன்கள் தேவைப்பட்ட ஒரு தமிழ் எடுத்துக்காட்டுப் பகுதிக்கு 35 டோக்கன்களே போதும் என ஓபன்ஏஐ நிறுவனம் தெரிவித்தது. பெங்களூருவில் 2023-ம் ஆண்டு தொடங்கப்பட்ட சர்வம் ஏஐ நிறுவனமும் இந்திய மொழிகளுக்கான மாதிரிகளை உருவாக்கி வருகிறது. எனவே ஒருவர் தன் திட்டத்தைத் தமிழில் விளக்கி, அதை ஆங்கில முன்மொழிவாகக் கேட்டுப் பெறுவது இப்போது நடைமுறையில் சாத்தியம்.

எந்த இடத்தில் தவறுகிறது?

ஏஐ மாதிரிகள் அடுத்து வரக்கூடிய சொல்லைக் கணித்தே வாக்கியங்களை அமைக்கின்றன. தெரியாத தகவலுக்கு இடைவெளி விடுவதற்குப் பதிலாக, பொருத்தமாகத் தோன்றும் ஒன்றை அவை நிரப்பிவிடக்கூடும். சந்தை மதிப்பு, வளர்ச்சி விகிதம், முந்தைய வாடிக்கையாளர் பட்டியல், தரச் சான்றிதழ் என முன்மொழிவில் இடம்பெறும் பகுதிகள் பலவும் இத்தகைய கற்பனைத் தகவல்களுக்கு இடம் கொடுப்பவை.

பெரிய நிறுவனங்களும் இதில் சிக்கியுள்ளன. ஆஸ்திரேலிய அரசுக்காக டெலாய்ட் நிறுவனம் சுமார் 4.40 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் கட்டணத்தில் தயாரித்த அறிக்கையில், இல்லாத ஆய்வுக் கட்டுரைகளும் நீதிமன்றத் தீர்ப்பில் இடம்பெறாத மேற்கோளும் இருப்பது 2025-ம் ஆண்டு கண்டறியப்பட்டது. திருத்தி வெளியிடப்பட்ட அறிக்கையில் ஏஐ பயன்படுத்தப்பட்டது குறிப்பிடப்பட்டது. கட்டணத்தின் ஒரு பகுதியைத் திருப்பித் தர அந்நிறுவனம் ஒப்புக்கொண்டது.

பெங்களூருவிலும் இதற்கு நெருக்கமான நிகழ்வு உண்டு. நகர சிவில் நீதிமன்ற உத்தரவு ஒன்றில் எடுத்துக்காட்டப்பட்ட உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் உண்மையில் இல்லாதவை என்பதைக் கர்நாடக உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் சுட்டிக்காட்டி, மேல் நடவடிக்கைக்கு உத்தரவிட்டது. அவை எங்கிருந்து வந்தன என்பது ஒருபுறமிருக்க, சரிபார்க்காமல் ஆவணத்தில் சேர்ப்பதன் விளைவை இச்சம்பவம் உணர்த்தியது.

சட்டம் சொல்வது என்ன?

இந்தியாவில் 'முன்மொழிவு' என்பது சட்டப் பொருள் கொண்ட சொல். 1872-ம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், ஒருவர் மற்றொருவரின் இசைவைப் பெறும் நோக்கில், ஒன்றைச் செய்ய அல்லது செய்யாதிருக்கத் தன் விருப்பத்தைத் தெரிவிப்பதே முன்மொழிவு என அதன் 2-வது பிரிவில் வரையறுக்கிறது. எதிர்த்தரப்பு அதை ஏற்றுக்கொண்டால் அது வாக்குறுதியாகிறது. எனவே உறுதியான வாசகங்களுடன் அனுப்பப்படும் ஆவணத்தை 'வெறும் வரைவுதான்' என்று பின்னர் ஒதுக்கிவிடுவது எளிதல்ல. இது பேச்சுவார்த்தைக்கான வரைவு, இறுதி ஒப்பந்தம் கையெழுத்தாகும் வரை எவரையும் கட்டுப்படுத்தாது என்ற ஒரு வரியைச் சேர்ப்பது இதனால்தான் முக்கியமாகிறது.

அதே சட்டத்தின் 17, 18, 19-வது பிரிவுகள் மோசடி, தவறான எடுத்துரைப்பு ஆகியவற்றைப் பற்றியவை. ஏமாற்றும் எண்ணம் இல்லாவிட்டாலும், தவறான தகவலை நம்பி எதிர்த்தரப்பு இசைவு தந்திருந்தால், அந்த ஒப்பந்தத்தை ரத்து செய்யும் உரிமை அவர்களுக்கு ஏற்படலாம். 'அது செயலி எழுதியது' என்ற விளக்கம் கைகொடுக்கும் எனக் கருத இடமில்லை. கனடாவில் ஏர் கனடா விமான நிறுவனத்தின் சாட்பாட் பயணி ஒருவருக்குத் தவறான கட்டணத் தகவல் அளித்த வழக்கில், அதற்கு நிறுவனமே பொறுப்பு என அங்குள்ள தீர்ப்பாயம் 2024 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது.

'பார்ட்னர்' என்ற சொல்லிலும் கவனம் தேவை. சரக்கு வழங்கும் சாதாரண ஏற்பாட்டைக்கூட ஏஐ செயலிகள் 'பார்ட்னர்ஷிப்' என எழுதுவதுண்டு. 1932-ம் ஆண்டின் இந்தியக் கூட்டாண்மைச் சட்டப்படி, கூட்டாளியாக இருப்பவர் நிறுவனத்தின் கடன்களுக்கும் செயல்களுக்கும் சேர்ந்தும் தனித்தும் பொறுப்பாவார். லாபத்தைப் பகிர்வதாலேயே ஒருவர் கூட்டாளி ஆகிவிடுவதில்லை. இரு தரப்பின் உண்மையான உறவே கணக்கில் கொள்ளப்படும். ஆயினும் கவனமின்றி எழுதப்பட்ட வாசகம் பின்னாளில் வழக்குக்கு வித்திடலாம்.

பணம் பெறும் காலக்கெடு மற்றொரு முக்கிய அம்சம். வெளிநாட்டு ஆவணங்களின் பாணியில், 90 நாட்களில் பணம் தரப்படும் என ஏஐ எழுதிவிடக்கூடும். ஆனால் 2006-ம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டப்படி, பதிவு பெற்ற குறு, சிறு நிறுவனங்களிடம் வாங்கிய சரக்கு அல்லது சேவைக்கு, ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் 45 நாட்களைத் தாண்டாமல் பணம் தரப்பட வேண்டும். தாமதமானால் ரிசர்வ் வங்கியின் வங்கி வட்டி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி கோரலாம். இந்தப் பாதுகாப்பை அறியாமல், தன் கையாலேயே 90 நாள் அவகாசம் அளித்து முன்மொழிவு அனுப்பும் சிறு நிறுவனம் பேச்சுவார்த்தையைப் பின்னடைவுடன் தொடங்குகிறது.

ரகசியம் காப்பது எப்படி?

முன்மொழிவில் விலைக் கணக்கு, வரைபடம், வாடிக்கையாளர் விவரம் ஆகியவை இடம்பெறும். 2023-ம் ஆண்டு சாம்சங் நிறுவன ஊழியர்கள் சிலர் மென்பொருள் மூலக் குறியீட்டைச் சாட்ஜிபிடியில் பதிவிட்டதையடுத்து, அந்நிறுவனம் இத்தகைய செயலிகளுக்குத் தடை விதித்தது. இந்திய நிதி அமைச்சகமும் அலுவலகக் கணினிகளில் இவற்றைப் பயன்படுத்துவதைத் தவிர்க்குமாறு 2025 ஜனவரியில் அறிவுறுத்தியது.

இந்தியாவில் வணிக ரகசியங்களுக்கெனத் தனிச் சட்டம் இல்லை. அத்தகைய சட்டம் தேவை என 22-வது சட்ட ஆணையம் 2024 மார்ச்சில் பரிந்துரைத்தது. இப்போதைக்கு ரகசியம் காக்கும் ஒப்பந்தங்களே முக்கிய அரண். எதிர்த்தரப்பு அளித்த வரைபடத்தைப் பொதுச் செயலியில் பதிவேற்றுவது அந்த ஒப்பந்தத்தை மீறுவதாகக் கருதப்படலாம். தனிநபர் விவரங்களைப் பொறுத்தவரை, 2023-ம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் ரூ.250 கோடி வரை அபராதம் விதிக்க வழி உள்ளது.

பயன்படுத்தும் முறை

ஓசூரில் உதிரிபாகம் தயாரிக்கும் சிறு நிறுவனம் ஒன்று, பெங்களூருவில் உள்ள மின்சார வாகன நிறுவனத்துடன் இணைய விரும்புவதாக வைத்துக்கொள்வோம். 'நல்ல முன்மொழிவு எழுதித் தா' என்று மட்டும் கேட்டால், எந்த ஊருக்கும் எந்தத் தொழிலுக்கும் பொருந்தக்கூடிய பொதுவான ஆவணமே கிடைக்கும். பல நிறுவனங்கள் இப்படியே கேட்டால், பெறுபவரின் மேசையில் ஒரே மாதிரியான ஆவணங்கள் குவியும்.

மாறாக, உண்மைத் தகவல்களை முதலில் தாமே குறித்துக்கொள்வது பயனளிக்கும். இயந்திரங்களின் எண்ணிக்கை, மாத உற்பத்தித் திறன், கடந்த ஆண்டில் திருப்பி அனுப்பப்பட்ட பாகங்களின் விகிதம், புதிய அச்சு செய்ய ஆகும் நாட்கள் போன்றவற்றை வேறு எவராலும் எழுத முடியாது. இவற்றைத் தமிழில் கொடுத்து, 'இதில் இல்லாத எண்ணையோ பெயரையோ சேர்க்காதே. தகவல் தேவைப்படும் இடத்தில் கோடிட்டு விடு' என்று கட்டளையிடலாம்.

அடுத்து, எதிர்த்தரப்புக்கு என்ன நன்மை, வேலைப் பங்கீடு, முதலீடும் வருவாயும், காலம், விலகும் முறை, தகராறு ஏற்பட்டால் எந்த ஊர் நீதிமன்றம் எனத் தலைப்பு வாரியாக எழுதச் சொல்லலாம். வரைவு கிடைத்த பின், 'வாகன நிறுவனத்தின் கொள்முதல் மேலாளராக இருந்து இதில் உள்ள பத்துக் குறைகளைச் சொல்' என்று கேட்பது பலரும் தவறவிடும் பயனுள்ள படி. நேரில் எழக்கூடிய கேள்விகளுக்கு முன்கூட்டியே விடை தயாரிக்க அது உதவும்.

விலை நிர்ணயம், லாபப் பங்கு போன்ற முடிவுகளை மட்டும் செயலியிடம் விட்டுவிடக் கூடாது. பாஸ்டன் கன்சல்டிங் குழும ஆலோசகர்கள் 758 பேரிடம் 2023-ம் ஆண்டு நடத்தப்பட்ட ஆய்வில், ஏஐ-யின் திறனுக்கு உட்பட்ட பணிகளில் வேகமும் தரமும் உயர்ந்தன. ஆனால் அதன் எல்லைக்கு அப்பாற்பட்ட வணிகச் சிக்கலில், ஏஐ-யைப் பயன்படுத்தியவர்கள் சரியான விடையை எட்டும் வாய்ப்பு 19 சதவீதப் புள்ளிகள் குறைவாக இருந்தது. நேர்த்தியான நடை, தவறான முடிவையும் நம்ப வைத்துவிடும் என்பதே இதிலிருந்து பெறப்படும் பாடம்.

இறுதியாக, ஆங்கிலப் பிரதியை மீண்டும் தமிழில் மாற்றித் தரச் சொல்லி வரி வரியாகப் படித்துப் பார்ப்பது நல்லது. கொடுக்க முடியாத உறுதிமொழி எங்கேனும் நுழைந்திருந்தால் அப்போது தெரிந்துவிடும். பட்டயக் கணக்காளர், வழக்கறிஞர் ஆகியோரிடம் ஒருமுறை காட்டுவதற்கு ஆகும் செலவு, முழு ஆவணத்தையும் எழுதி வாங்கும் செலவைவிடக் குறைவாகவே இருக்கும்.

மாதத்துக்கு ஐயாயிரம் பாகங்கள் தருவதாக ஆவணத்தில் எழுதியிருந்தால், அத்தனையையும் பட்டறையில் செய்து முடிக்க வேண்டியவர் அதில் கையெழுத்திட்டவர்தான். முன்மொழிவை அனுப்பும் முன், அதில் உள்ள ஒவ்வொரு எண்ணையும் தம்மால் காப்பாற்ற முடியுமா என்று அவர் பார்த்துக்கொள்வது அவசியம்.